மனிதரை அறிந்தவரே நல்ல கருவியைப் படைப்பர்

செயற்கை நுண்ணறிவு என்னும் சொல் இன்று பட்டணத்திலும் தோட்டத்திலும் ஒருசேர ஒலிக்கின்றது. தம் பிள்ளைகளும் இத்துறையில் ஈடுபட வேண்டும் எனப் பெற்றோர் பலர் விரும்புகின்றனர். நல்ல விருப்பமே. ஆயினும், கணிதமும் கணினியும் தெரிந்தால் மட்டும் இதற்குப் போதும் என எண்ணுவது தவறு என்பது என் கருத்து. மனிதர் படும் இடர்ப்பாட்டை அறிந்தவரே நல்ல கருவியைப் படைக்க வல்லவர்.

இதற்குச் சான்றாக இங்கிலாந்தைச் சேர்ந்த சாகிப் ஷேக் என்பாரைக் கூறலாம். அவர் தம் ஏழாம் வயதில் கண்பார்வையை இழந்தார். பார்வையற்றோர் பள்ளியில் பயின்றபோது பேசும் கணினி அவருக்கு அறிமுகமாயிற்று. அத்துறையை ஊன்றிக் கற்று, 2006ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். அங்குத் தம் குழுவினருடன் அவர் உருவாக்கிய ‘சீயிங் ஏஐ’ என்னும் கைத்தொலைபேசிச் செயலி 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது எழுத்தைப் படித்துக் காட்டும். பணத்தாளின் மதிப்பைக் கூறும். எதிரே உள்ள காட்சியையும் எடுத்துரைக்கும்.

இச்செயலியின் சிறப்பு எதில் உள்ளது? கடையில் வாங்கிய பால் டின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் உள்ள கோட்டுக் குறியீட்டைப் படம் பிடித்தால் பொருளின் பெயர் தெரிந்துவிடும். ஆனால் அக்குறியீடு எந்தப் பக்கத்தில் உள்ளது எனப் பார்வையற்றவர் எவ்வாறு அறிவார்? ஆகவே, குறியீடு நெருங்க நெருங்க ஒலி விரைந்து கேட்கும்படி அமைத்துள்ளனர். தாளைப் படம் பிடிக்கும்போது எந்த ஓரம் தெரியவில்லை என்பதையும் செயலியே சொல்லும். படிக்கும் ஆற்றலை இயந்திரத்துக்குப் பலரும் அளிக்கக்கூடும். இத்தகைய ஒலியும் தேவை என்று தோன்றுவதற்கோ, பார்வையின்றிப் பொருளைத் தடவிப் பார்த்தவரின் அனுபவம் வேண்டும்.

பெற்றோர்களே! விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற கைகளுக்குக் கத்தியின் பிடி எங்கே உறுத்தும் என்பது தெரியும். படிவத்தை நிரப்ப இயலாமல் அலுவலக வாயிலில் நின்ற தாய்க்கு, எந்தக் கேள்வி விளங்கவில்லை என்பது தெரியும். இவற்றைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இவை வெட்கத்துக்குரியவை அல்ல. கருவி செய்வோர் தேடி வந்து கேட்டறிய வேண்டியவை.

மாணவச் செல்வங்களே! கணிதத்தைக் கருத்தூன்றிக் கற்பீர். அதனோடு, மருந்துப் புட்டியின் சிறிய எழுத்தைப் படிக்க இயலாது உங்கள் பாட்டி தவிப்பதையும் உற்று நோக்குவீர். ‘உங்களுக்கு எது கடினமாக இருக்கிறது?’ என்று பெரியோரிடம் கேட்டுப் பழகுவீர். நாளை ஒரு கருவியை நீங்கள் உருவாக்கினால், அதனைப் பயன்படுத்துவோரிடமே கொடுத்து, அவர் கூறும் குறையைப் பொறுமையுடன் கேட்டுத் திருத்துவீர். அவ்வாறு செய்வோரே இத்துறையில் சிறப்புறுவர் என்பது என் உறுதியான நம்பிக்கை.