துபாஷி இல்லாத இலக்கிய விழா

சமீபத்தில் நம் புதுச்சேரியில் நடந்த ஓர் இலக்கிய விழாவுக்குப் போய், காலை பத்து மணி முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தேன். ஐந்து அமர்வுகள், நான்கு ஆங்கிலத்தில். தமிழுக்கு, சாப்பாட்டு வேளையில் அரை மணி நேரம். பேசியவர்கள் எல்லாரும் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் ஒன்று மனதை உறுத்துகிறது.

ஓர் அமர்வு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றியது. துய்ப்ளேக்சிடம் துபாஷியாக இருந்த பிள்ளை, 1736 முதல் 1761 வரை அதைத் தமிழில்தான் எழுதினார். அதுவும் அன்றைய பேச்சு வழக்கில். அதைப் பற்றிய பேச்சோ முழுக்க ஆங்கிலம். பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' நாவலை இரண்டு முறை படித்தவராம். "என்ன சார் சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிந்தவரை காதோடு காதாகச் சொல்லிவந்தேன்.

கேள்வி நேரத்தில் அவர் எழுந்து தமிழில் கேட்டார்: "பிள்ளை எழுதின பேச்சுத் தமிழ் இங்கிலீஷ்ல எப்படிங்க வந்திருக்கும்?" ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னார்கள். நான் எழுந்து மொழிபெயர்த்தேன். பேச்சாளர் முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து நிமிடம் பதில் சொன்னார். அன்றைக்கு நான் கேட்டதிலேயே நல்ல பகுதி அதுதான்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், ரோமன் ரோலான் நூலகத்தில் உட்கார்ந்து தமிழ் இலக்கியம் படித்தேன். முதன்முதலாகக் கம்பன் விழாவுக்குப் போனபோது பாதி புரியவில்லை. அருகிலிருந்த தமிழாசிரியர் பொருள் சொன்னார். அவர் இல்லையென்றால் மறுநாள் போயிருக்க மாட்டேன்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியூர்க்காரர்கள் வரட்டும், பேசட்டும். ஒவ்வோர் அமர்வுக்கும் இரு மொழி தெரிந்த ஒருவரை மேடையில் உட்கார வையுங்கள். கடைசியில் ஐந்து நிமிடம் தமிழில் சாரம் சொல்லட்டும். கேள்வியை யாரும் தம் மொழியில் கேட்கட்டும். நம் கல்லூரி மாணவர்களே இதைச் செய்வார்கள். துபாஷிகள் இல்லாமல் ஒரு வியாபாரமும் நடக்காத ஊர் இது. இலக்கியத்துக்கு மட்டும் அவர்கள் வேண்டாமா?

அடுத்த விழாவுக்கு ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். ஒரு நல்ல காப்பி போதும்.