தூத்துக்குடி கற்பித்த பாடம்

தேசாபிமானம் மேடைப் பிரசங்கத்தினாலேயே வளர்ந்ததென்று கருதுவோர் உளர். அன்னார் 1906 முதல் 1908 வரை தூத்துக்குடியில் நிகழ்ந்தவற்றை ஊன்றி நோக்குவாராக.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பல் வர்த்தகம் அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாரின் கைக்குள் அடங்கிக் கிடந்தது. வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசியக் கிளர்ச்சியை ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளை கடலிலே செலுத்தத் துணிந்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் ரூபாய் 10 லட்சம். அது ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிர்க்கம்பெனியார் கட்டணத்தை வெகுவாய்க் குறைத்துப் போட்டியிட்டனர்.

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஸ்ரீ பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் அவர்கட்குத் துணை நின்றனர், கூலி உயர்ந்தது. அந்நிய ஆட்சி இன்னதென்பதைக் கப்பற் கட்டணத்திலும் ஆலைக் கூலியிலும் ஜனங்கள் கண்கூடாகக் கண்டனர். வர்த்தகரும் தொழிலாளரும் ஓரணியில் நின்றதே சர்க்காரை அஞ்சச் செய்தது.

மார்ச் 12-இல் தலைவர்கள் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். ஸ்ரீ பிள்ளைக்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். அதற்குள், 1911-இலேயே, கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது.

சர்க்காரின் அடக்குமுறை இதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருவர் சிறை புகுந்ததும் தளர்ந்த ஸ்தாபனம், அவ்வொருவர் தோளிலேயே பெரிதும் சுமத்தப்பட்டிருந்தது என்பதையும் மறுத்தற்கியலாது. அவர் பேச்சுக்குக் கரகோஷம் செய்தோர் பல்லாயிரவர். அவர் விட்ட சுமையைத் தாங்க வந்தோர் சிலரே. சிறையினின்று மீண்டவர் வறுமையில் உழன்று, 1947-இல் வந்த விடுதலையைக் காணாமலே, 1936-இல் மறைந்தார்.

நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. இன்று அவருக்குச் சிலைகள் உண்டு, மாலைகளும் உண்டு. மாலையிடுதல் எளிது. தலைவன் இல்லாத நாளிலும் அவன் தொடங்கிய காரியத்தை நடத்தும் திறன் வேண்டும். அதுவே தேசாபிமானத்தின் உரைகல். அத்திறன் இல்லாத ஜாதி மாவீரர்களைப் பெறலாம். அவர்களால் பயன் பெறுதல் அரிது.