பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு காலிக் குழாய்

நத்தம் சாலையோ தாடிக்கொம்பு சாலையோ, திண்டுக்கல்லை விட்டு எந்தப் பக்கம் நாலு கிலோமீட்டர் போனாலும் பூசாத செங்கல் சுவர் ஒன்று கண்ணில் படும். சுவர் எழும்பி, தளம் ஆறி, பூச்சுக்கு ஆள் வருவதற்குள் எலக்ட்ரீஷியன் கட்டிங் மெஷினோடு வந்து நிற்பார். ஏசி எந்த அறையில், டிவி எந்தச் சுவரில், கீசர் எங்கே, இன்வெர்ட்டர் எங்கே என்று வரிசையாகக் கேட்டு, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போவார். இன்டர்நெட் பாயின்ட் எங்கே என்று மட்டும் கேட்க மாட்டார். வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார். யாராவது நினைவுபடுத்தினாலும், “வைஃபை இருக்கும்போது வயர் எதுக்கு?” என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பதிலின் விலை பால் காய்ச்சிக் குடிவந்த பிறகுதான் தெரியும். பைபர் இணைப்பு கொடுக்க வருபவர், தெருக் கம்பத்துக்கு எந்த ஜன்னல் கிட்டமோ அதன் ஓரத்தில் துளை போட்டு மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி இருக்கும். ஹாலில் படம் ஜோராக ஓடும். மாடி அறையில் உட்கார்ந்து பெங்களூரு அலுவலகத்தோடு பேசும் மகளின் முகம் பாதி வார்த்தையில் உறைந்து நிற்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும், கம்பி பின்னிய கான்கிரீட் தளமும் வீட்டைத்தான் தாங்கும். வைஃபைக்கு அவை தடுப்புச் சுவர்கள். வேகம் கூடுதலான 5 கிகாஹெர்ட்ஸ் அலைதான் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துபோகிறது. மாதாமாதம் பணம் கட்டுவது முழு வேகத்துக்கு. மாடிப்படி ஏறுவது அதில் மிச்சம் மீதி.

பிறகு வரும் வைத்தியங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரு ரிப்பீட்டர் வாங்குவார்கள். அது காற்றில் வாங்கியதைக் காற்றிலேயே திருப்பி அனுப்புவதால், பெரும்பாலும் வேகத்தில் பாதியை வழியிலேயே தொலைத்துவிடும். கடைசியில் வெள்ளை லேன் கேபிள் ஒன்று கதவிடுக்கில் நுழைந்து, மாடிப்படி ஓரமாக ஆணி கிளிப் அடித்து, ஐம்பது லட்சம் செலவழித்த வீட்டின் பெயின்ட் மேல் ஏறிப் போகும்.

கைபேசிக்கு வைஃபை போதும், அதில் சண்டை இல்லை. ஆனால் மாடியில் இரண்டாவது ரவுட்டர் வைத்தால் அதற்கு இணைப்பு வயரில்தான் போக வேண்டும். அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் அதுவே நல்லது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இப்போது வாசலைக் காப்பது பாதி கேமராதான். அந்தக் கேமராவுக்கு மின்சாரமும் படமும் ஒரே லேன் கேபிளில் போகும் முறைக்கு 2003-லேயே தரநிர்ணயம் வந்துவிட்டது.

வயர் பழைய சமாச்சாரம் என்பது ஒரு மயக்கம். இரண்டிரண்டு கம்பிகளை முறுக்கி இரைச்சலைக் குறைக்கும் யோசனைக்கு அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1881-ல் காப்புரிமை வாங்கினார். ஈதர்நெட் 1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1990-ல் அது முறுக்குக் கம்பிக்கு மாறியது. 1999-ல் அதே வகைக் கம்பியில் நொடிக்கு ஒரு கிகாபிட் ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டில் சுவருக்குள் ஒழுங்காகப் போட்ட கேபிள் இன்றைக்கும் அந்த வேகத்தைச் சுமக்கும். அந்த ஆண்டு வாங்கிய வைஃபை கருவியை இன்று காயலான் கடையில்கூடத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டு வீட்டுக்குள் புதிய சங்கதிகள் நுழைந்த விதத்தைக் கவனித்தால் வழி தெரியும். மழைநீர் சேகரிப்பு 2003-ல் சட்டமாக வந்தது, குழி வெட்டினார்கள். இன்வெர்ட்டர் லைனை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்வெட்டில் வியர்த்து விசிறியவர்கள் அடுத்து வீடு கட்டியபோது, எலக்ட்ரீஷியனே முந்திக்கொண்டு அதற்குத் தனி லைன் இழுத்தார். 2020 ஊரடங்கும் அப்படியொரு பாடம்தான். வகுப்பும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்தன, சிக்னலுக்காகப் பிள்ளைகள் மொட்டை மாடி ஏறினார்கள். ஆனாலும் சுவரில் சாக்பீஸ் கோடு கூடவில்லை.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் பைபர் கொண்டுபோக டான்பிநெட் நிறுவனத்தைத் தமிழக அரசு தொடங்கியது. மத்திய அரசின் மாதிரிக் கட்டிட விதிகளில் கட்டிடத்துக்குள் இணைய வசதி பற்றிய பிற்சேர்க்கை 2022-ல் வந்தது. 2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டிடங்களின் டிஜிட்டல் இணைப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் ஒழுங்குமுறையை வெளியிட்டது. இவையெல்லாம் ஊராட்சி அலுவலகத்தையும் பெரிய வளாகத்தையும் பார்க்கின்றன. மேஸ்திரியும் எலக்ட்ரீஷியனும் வீட்டுக்காரரும் நின்று பேசி முடிவெடுக்கும் ஆயிரத்து இருநூறு சதுர அடி வீடு யார் கண்ணிலும் விழவில்லை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அந்த விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தால் என்ன? ‘தகவல் தொடர்புக்குத் தனிக் குழாய் உண்டா?’ ஆய்வாளர் வேண்டாம், அபராதம் வேண்டாம். கேள்வி காதில் விழுந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் போட்ட உத்தரவும் இந்த ரகம்தான்: 2016 முடிவுக்குப் பிறகு அனுமதி கோரும் புதுக் கட்டிடங்களில் அது கேட்டது கேபிளை அல்ல, கேபிள் போகும் வழியை.

கேபிளை இன்றே வாங்க வேண்டியதில்லை. 25 மில்லிமீட்டர் பிவிசி பைப், அறைக்கு ஒரு பாக்ஸ், எல்லாம் வந்து சேரும் ஓர் இடம், உள்ளே ஓர் இழுப்புக் கயிறு. தளக் கம்பி கட்டும் நாளிலும் சுவரை வெட்டும் நாளிலும் இதற்குக் கூடுதல் செலவு, புதுமனை புகுவிழா பந்தல் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. நாளைக்கு வேறு கேபிள் வந்தாலும் அதே வழியில் இழுத்துக்கொள்ளலாம்.

நிபந்தனைகள் சில உண்டு. கரண்ட் வயர் ஓடும் பைப்பிலேயே லேன் கேபிளையும் திணிக்கிற வழக்கம் ஆபத்து. பக்கத்துப் பக்கத்தில் 230 வோல்ட். தனிப் பைப், நடுவில் சில அங்குல இடைவெளி, குறுக்கிட்டால் நேர்க்குறுக்காக. சாக்கெட்டில் சேர்க்கும் இடத்தில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. தோட்டத்து குடோனுக்கோ எதிர்க்கட்டிடத்துக்கோ வெட்டவெளியில் செம்புக் கேபிளை இழுக்காமல் பைபர் போடுவது மேல். ஐப்பசி இடி அந்த வழியாகத்தான் உள்ளே வந்து மோடத்தைக் கருக்கும்.

போலியும் உண்டு. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி, முழுச் செம்பு கேபிள் போலவே பெட்டி போட்டு, 305 மீட்டர் சுருளாக விற்கிறார்கள். விலை மலிவு, வளைத்தால் சுலபமாக முறியும், கேமராவுக்கு மின்சாரம் அனுப்பினால் சூடேறும். கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். பெட்டியைத் தூக்கினாலே எடை காட்டிக்கொடுக்கும். அலிகார் மெஷின் பூட்டுக்கும் உள்ளூர்க் கைப்பூட்டுக்கும் வித்தியாசம் பார்த்துப் பழகிய, 2019-ல் தன் பூட்டுக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் இதில் ஏமாறக் கூடாது.

கட்டி முடித்துக் குடியிருக்கும் வீடுகளுக்கும் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. இருபது வருஷத்துக்கு முன் கட்டிய பல வீடுகளில் ஹாலிலும் படுக்கையறையிலும் டெலிபோன் பாயின்ட் ஒன்று தூசி படிந்து கிடக்கும். லேண்ட்லைன் போய்விட்டது, அதன் குழாய் போகவில்லை. வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டுப் பார்த்து, வழி விட்டால் பழைய போன் வயரின் நுனியிலேயே கேட்6 லேன் கேபிளைக் கட்டி இழுத்துவிடலாம். இப்போது கட்டுபவர்களுக்கு வேலை அதைவிடச் சுலபம். பூச்சு விழுவதற்கு முந்தைய மாலை, டேப்பைச் சுவரில் பிடித்துக்கொண்டு பைப் போகும் ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படம் எடுத்து வைத்தால், பிறகு ஷெல்ஃப் மாட்ட டிரில் பிடிப்பவர் எங்கே துளை போடக் கூடாது என்பதை அந்தப் படத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.