டாக்டர் மனசுல என்ன இருந்துச்சு?

அமெரிக்காவுல வலி மாத்திரையை இஷ்டத்துக்கு எழுதிக் கொடுத்தார்னு டாக்டர் மேல ஃபெடரல் கேஸ் போட்டா, அவர் என்ன வாதாட முடியும்? சீட்டுல கையெழுத்து இருக்கு, மறுக்க முடியாது. மிச்சம் ஒண்ணுதான்: "நோயாளிக்குத் தேவைன்னு நம்பித்தான் எழுதினேன்."

அலபாமா டாக்டர் ருவானுக்கு 21 வருஷ ஜெயில் விழுந்தப்போ, மருத்துவ வழக்கத்துக்குள்ள இருந்தாத்தான் அந்த நம்பிக்கை செல்லும்னாங்க. 2022 ஜூன்ல உச்ச நீதிமன்றம் அதை மாத்துச்சு. தான் செய்யறது அனுமதியில்லாத காரியம்னு டாக்டருக்குத் தெரியும்னு சந்தேகத்துக்கு இடமில்லாம அரசாங்கம்தான் நிரூபிக்கணும். கீழ்த்தீர்ப்பு நிக்காதுங்கறதுல ஒன்பது நீதிபதிகளும் ஒத்துப்போனாங்க.

"அந்த மாத்திரையால எத்தனை சாவு, இதுல சலுகை வேறயா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கோபம்தான். ஆனா கோடுல பக் விட்டவனும் (நாமெல்லாம் விட்டிருக்கோம்!) வேணும்னே திருட்டு வழி வச்சவனும் ஒண்ணா? முதலாமவன் லைசென்ஸைப் பிடுங்குங்க, நஷ்ட ஈடு கேளுங்க. 21 வருஷம் உள்ள தள்ளறது வேற சமாச்சாரங்க.

அதுக்காக "நம்பினேன்"னு சொல்லிட்டா ஆச்சுன்னு இல்லை. பரிசோதிக்காம, ரொக்கம் வாங்கிட்டு எழுதினவர் சொன்னா எந்த ஜூரி நம்பும்? ருவானே முழுசாத் தப்பிக்கலை. 2023ல மேல்முறையீட்டு நீதிமன்றம் சில குற்றங்களை ரத்து பண்ணிட்டு, மத்ததை அப்படியே வச்சிருச்சு.