தோலும் மருதோன்றியும்

விலங்கின் தோலிற் சாயந் தோய்த்தல் தோல்வினைஞர் தொழிலேயன்றி ஓவியமாகாது என்பார் உளர். மொராக்கோ நாட்டு ஓவியர் பரீத் பெல்காஹியா (1934–2014) இயற்றியவற்றைக் கண்டோர் அவ்வாறு கூறத் துணியார்.

பாரிஸிலும் பிராகிலும் பயின்ற இவர் 1962-இல் காஸாபிளாங்கா நுண்கலைப் பள்ளியின் தலைவராயினார். பிரெஞ்சு ஆட்சி 1956-இல் ஒழிந்தது. அவ்வாட்சி புகுத்திய கலைமுறையோ ஒழிந்திலது. அதனை மாற்ற விழைந்து, நாட்டுக் கம்பளங்களையும் அணிகலன்களையும் இவரும் உடனாசிரியரும் மாணவர்க்குப் பாடமாக்கினர். தாமும் எண்ணெய் வண்ணத்தைத் துறந்து, முதற்கண் செம்பையும், 1970-களின் இடையில் ஆட்டுத்தோலையும் கைக்கொண்டார்.

ஈரத்தோலை மரச்சட்டத்தின்மீது இழுத்துப் பொருத்தினால், உலருந்தோறும் இறுகி, மரத்தின் வளைவையே தன் வடிவாக ஏற்கும். அதன்மேல் மருதோன்றி, குங்குமப்பூ முதலியவற்றின் சாயத்தால் அம்பும் வட்டமும் பெர்பர் மக்களின் திபினாக் எழுத்துங் குறித்தார். எண்ணெய் வண்ணம் துணியின்மேற் படிந்து நிற்கும். மருதோன்றியோ, மணமகளின் உள்ளங்கையிற் போல, தோலினுட் புகுந்து சிவக்கும். மனித உருவை முற்றும் எழுதாமலே உடலை நினைப்பிக்கும் இவ்வாற்றல் பிறிதொரு பொருளால் எய்தற்கரியது என்பது எம் கருத்து.

இனி, தோல் இழிபொருளாயின், டப்ளின் நகரத் திரித்துவக் கல்லூரி பேணிவரும் கெல்ஸ் சுவிசேஷச் சுவடியை யாது சொல்வது? துறவியர் வண்ணந் தீட்டிய அச்சுவடியும் கன்றின் தோலே. அதனைக் கலைச்செல்வமெனப் போற்றுவோர் மொராக்கோத் தோலைமட்டும் கைத்தொழிலென ஒதுக்குவது எந்நீதி?