யார் செய்த பாவம்?

நமது நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் அவள் வயிற்றைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. கிரகணத்தன்று வெளியே வராதே என்பாள் ஒருத்தி. இதைத் தின்னாதே, அங்கே போகாதே என்பாள் இன்னொருத்தி. வளைகாப்பென்றும் சீமந்தமென்றும் கடன் வாங்கியாவது செலவு நடக்கும். ஆனால், "அம்மா, உன் மனது எப்படி இருக்கிறது? இரவில் தூக்கம் வருகிறதா?" என்று அவளைக் கேட்டவர் எத்தனை பேர்?

பிள்ளை பிறந்து இரண்டு வயதாகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை, பேச்சு வரவில்லை. அல்லது ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அல்லது பள்ளிக்கூடம் போன பிறகு எழுத்துக் கூட்ட வரவில்லை. உடனே பிறக்கிறது கேள்வி: யார் செய்த பாவம்? கேள்வி பிறக்கும் முன்பே பதிலும் தயாராயிருக்கிறது. கிரகணத்தில் காய் நறுக்கினாள். முன்ஜென்மத்தில் பசுவை அடித்தாள். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதைச் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "எங்கள் வம்சத்தில் இப்படி ஒன்று பிறந்ததில்லை" என்று மாமியார் ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிடுவாள். ஜோசியன் தட்சணை வாங்கிக்கொண்டு அந்தத் தீர்ப்புக்கு முத்திரை குத்துவான்.

தோழர்களே! ஆட்டிசம் என்பதும், கவனம் நிற்காமையும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்பதும், டிஸ்லெக்சியா என்னும் படிப்புத் தடங்கலும் பாவத்தின் சம்பளமல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேற்றுமை இது. ஆட்டிசத்தில் பெரும்பங்கு பரம்பரைக் கூறுகளுக்கு உண்டென்று ஆராய்ச்சி காட்டுகிறது. அக்கூறுகள் தாய் வழியிலும் வரும். தந்தை வழியிலும் வரும். இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே வம்சப் பெருமை பேசும் மாமியார்கள் கொஞ்சம் நிதானித்துப் பேசுவது நல்லது.

"சயன்ஸ் மட்டும் தாயைக் குறை சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். சொல்லியிருக்கிறது, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1943 ஆம் வருஷம் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கேனர் 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதினார். அப்போதே அந்தப் பெற்றோர்களில் அன்பு ததும்புகிறவர்கள் குறைவு என்றொரு குறிப்பும் எழுதினார். அந்தப் பொறி பெருந்தீயாயிற்று. அன்பில்லாத தாய்க்குக் குளிர்ப்பெட்டித் தாய் என்று பட்டம் சூட்டினார்கள். சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967 இல் புத்தகமே எழுதி அந்தக் கொள்கையைப் பரப்பினார். ஆயிரக்கணக்கான தாய்மார்கள் தம் பிள்ளையைத் தாமே கெடுத்துவிட்டதாக நம்பி உள்ளுக்குள் செத்தார்கள்.

பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஆட்டிசமுள்ள மகனுக்குத் தந்தையும் மனோதத்துவ நிபுணருமான பெர்னார்டு ரிம்லண்டு, 1964 இல் எழுதிய புத்தகத்தில், இது உடற்கூறு சம்பந்தமானதென்றும் வளர்ப்பின் குற்றமல்லவென்றும் வாதாடினார். 1969 இல் பெற்றோர்கள் கூடிய சபையில் கேனரே எழுந்து, குற்றம் உங்கள் மேல் இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். ஆதாரம் வந்தால் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும் யோக்கியதை அறிவுக்கு உண்டு. கர்மமும் தலைவிதியும் இத்தனை ஆயிரம் வருஷமாக எந்தத் தாயிடமாவது மன்னிப்புக் கேட்டிருக்கின்றனவா?

ஆனாலும் படித்தவர்களிடத்திலும் பழைய புத்தி வேறு வேஷத்தில் வருகிறது. 1998 இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்ற டாக்டர், தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு எழுதினார். 2010 இல் அந்தப் பத்திரிகையே அக்கட்டுரையை ரத்து செய்தது. அவ்வருஷமே அவர் பெயர் வைத்தியர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், கர்ப்பகாலத்தில் பாராசிட்டமால் மாத்திரை சாப்பிடுவதே ஆட்டிசத்துக்குக் காரணம் என்பதுபோல் பேசினார். ஸ்வீடன் தேசத்தில் சுமார் 24 லட்சத்து 80 ஆயிரம் குழந்தைகளைக் கணக்கெடுத்து 2024 இல் வெளியான ஆராய்ச்சியோ, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படி ஒரு சம்பந்தமே காணவில்லை என்கிறது. நேற்றுக் கிரகணம், இன்று மாத்திரை. பழி சொல்லும் வாய் மாறுகிறது. பழி சுமக்கும் தலை மட்டும் மாறுவதில்லை.

இந்தப் பழியின் பலன் என்ன? உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 100க்கு சுமார் 16 பேருக்கும், பிரசவித்த பெண்களில் 100க்கு சுமார் 20 பேருக்கும், பெரும்பாலும் மனச்சோர்வான, ஒரு மனநலக் குறைபாடு இருக்கிறது. நம் ஊரில் அதற்குப் பெயர் கொழுப்பு; அல்லது பேய். பிள்ளையைக் கண்டால் சந்தோஷம் வரவில்லை என்று ஒரு தாய் வாய் திறந்தால் வேப்பிலையும் உடுக்கையும் வந்துவிடும். இந்த மூட நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடுமென்பதை 2001 ஆகஸ்டு 6 ஆம் தேதி ஏர்வாடியில் கண்டோம். குணமாகுமென்று கொண்டுவிடப்பட்ட மனநோயாளிகள், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓட முடியாமல், 28 பேர் தீயில் மாண்டார்கள். சங்கிலியிடுவதை 2017 ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தடுத்துவிட்டது. தாயின் மனத்தில் பூட்டப்பட்ட சங்கிலியை எந்தச் சட்டம் அறுக்கும்?

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. பழி சொல்லாதவர்கள் புகழ்கிறார்கள். "நீ தெய்வத்தாய்; உன்னால்தான் முடியும் என்றே கடவுள் இந்தப் பிள்ளையை உனக்குக் கொடுத்தார்" என்கிறார்கள். தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம், சம்பளம் வேண்டாம், கணவன் ஒரு கை கொடுக்கவும் வேண்டாம். ஒரு மனுஷியைத் தெய்வமாக்கிவிட்டால் மற்ற எல்லோரும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளலாமல்லவா? பாவி என்றாலும் தெய்வம் என்றாலும் சுமை அவள் ஒருத்தி தலையில்தான். நாம் அவளை மனுஷி என்கிறோம். மனுஷியானால் அவளுக்கு அலுப்பு வரும், கோபம் வரும், அழுகை வரும். இவை எதுவும் பிள்ளை மேல் அன்பில்லை என்பதற்குச் சாட்சியல்ல.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலாவது, கேட்க வேண்டும். பிரசவித்த தாயின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987 இல் எடின்பரோவில் 10 கேள்விகள் வகுக்கப்பட்டன. கர்ப்பிணிக்கு எடை பார்க்கிற, இரத்த அழுத்தம் பார்க்கிற நர்ஸம்மாள் இந்தப் பத்தையும் கேட்டால் என்ன? கேட்பதோடு உதவவும் கூடுமென்று பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் மெய்ப்பித்துக் காட்டினார்கள். சாதாரண சுகாதார ஊழியப் பெண்கள் பயிற்சி பெற்று, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளை வீடு தேடிப்போய்ப் பேசினார்கள். 2008 இல் வெளியான முடிவின்படி, பிள்ளைக்கு 6 மாதமாகும்போது அவர்களில் 100க்கு 23 பேருக்கே சோர்வு நீடித்தது. வழக்கமான வருகை மட்டும் பெற்றவர்களில் 53 பேருக்கு நீடித்தது. ராவல்பிண்டியில் முடிவது ராஜபாளையத்தில் முடியாதா?

இரண்டாவது, தந்தை. புரோகிதனை விலக்கி, இருவரும் சமம் என்று வாழ்க்கை ஒப்பந்தம் செய்துகொண்ட தோழர்களைக் கேட்கிறோம்: அந்த ஒப்பந்தத்துக்குப் பரீட்சை இதுதான். பயிற்சி நிலையத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போவது யார்? இரவில் தூங்காத பிள்ளையோடு விழித்திருப்பது யார்? வேலையை விட்டவர் யார்? தந்தைக்கும் மனம் உண்டு, அதுவும் உடையும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதைச் சாராயக் கடையில் மறைப்பதைவிட மனைவியிடமோ டாக்டரிடமோ சொல்வதே ஆண்மை.

மூன்றாவது, உரிமை. 2016 ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் சேர்த்து 21 வகைகளை ஏற்கிறது. குறைபாடு 100க்கு 40க்குக் குறையாதென்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பள்ளிக்கூட வாசலில் கெஞ்சி நிற்க வேண்டியதில்லை. சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். மனம் தாளாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். மாறாக, ஆட்டிசத்தை அடியோடு ஒழிப்போமென்று லட்சக்கணக்கில் பணம் பறிக்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குச் சிபாரிசு செய்ய முடியாதென்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022 இலேயே சொல்லிவிட்டது. தாயத்து விற்றவனும் இவனும் பங்காளிகளே. இருவருக்கும் முதல் பெற்றோரின் பயம்தான்.

கடைசியாக, ஊரார். அப்படி ஒரு வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். கலியாணத்துக்கு அவர்களை அழையுங்கள். பிள்ளை சத்தம் போட்டால் முகம் சுளிக்காதீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு யாராவது இருந்தால் தாய் சற்றுக் கண்ணயர்வாள். ஆயிரம் அர்ச்சனையைவிட அந்த இரண்டு மணி நேரம் மேலானது.

எனவே, சுயமரியாதைச் சங்கங்களும் தாய்மார்களும் வாலிபர்களும் இதைத் தங்கள் வேலைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம். யார் செய்த பாவம் என்று இனி எவராவது கேட்டால் பதில் இதுதான்: பிள்ளை பிறந்ததில் பாவம் ஒன்றுமில்லை, பெற்றவளைத் தனியே விட்டதுதான் பாவம். அதைச் செய்தவர்கள் நாம் எல்லோருமே.