மூளைக் குழாய் வீக்கம்: 'சின்னன்' என்றால் போதுமா?

தொண்டைமானாற்றில் ஒரு அம்மா அண்மையில் தன்னுடைய ஸ்கான் அறிக்கையை என்னிடம் நீட்டினார். மூளை இரத்தக்குழாயில் 5 மில்லிமீற்றர் வீக்கம் என்றிருந்தது. "சின்னன்தானாம் பிள்ளை, பயப்பிட ஒண்டுமில்லையாம்" என்றார். வீக்கம் என்ன வடிவம் என்று அந்தத் தாளில் ஒரு சொல்லும் இல்லை.

வைத்தியர்கள் 'அனியூரிசம்' என்பது இதைத்தான். குழாய்ச் சுவரின் பலவீனமான இடம் பலூன் போல வெளியே தள்ளிவிடுகிறது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு இருக்கிறது. பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. வெடித்தால் உயிர் தப்புவதே பெரும்பாடு.

எது வெடிக்கும்? 2014இல் வெளியான, 8,382 பேரின் தரவுகளில் உருவான 'பேசஸ்' புள்ளி முறை வயது, உயர் குருதி அமுக்கம், அளவு, இடம் போன்றவற்றைப் பார்க்கிறது. வடிவத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ஜப்பானில் 5,720 பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வு, வீக்கத்தின் மேல் இன்னொரு சிறு முளை இருந்தால் வெடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.6 மடங்கு என்று கண்டது. முளை தள்ளிய இடத்தில் சுவர் பெரும்பாலும் மெலிந்திருக்கும். கழுத்து ஒடுங்கி உடல் நீண்ட வீக்கத்தில் இரத்தம் உள்ளே தேங்கிச் சுழலும். அதுவும் சுவருக்குக் கேடு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெடித்த பிறகு எடுத்த படங்களை மட்டும் வைத்து வடிவத்தைக் குற்றம் சொல்ல முடியாது. வெடிப்பே வடிவத்தை மாற்றக்கூடும். ஜப்பான் ஆய்வு வெடிக்கும் முன்பே பார்க்கத் தொடங்கியது. அதனால்தான் அதை நான் பெரிதாக எடுக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். உடம்பில் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள் பலர். கண்ணிலோ தலையிலோ இரும்புத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. காந்தம் அதை அசைக்கலாம். மருந்தேற்றி எடுக்கும் சி.ரி. ஸ்கான் அங்கே மாற்றுவழி. அதுவும் குழாயின் வடிவத்தை நன்றாகக் காட்டும். ஆனால் தலைக்குள் துண்டு இருந்தால் உலோகத்தின் நிழல் குழாயையே மறைத்துவிடலாம். அப்போது தொடைவழியோ கைவழியோ குழாய் செலுத்தி எடுக்கும் படம்தான் மிச்சம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மருந்தேற்ற முன் அதைச் சொல்லவேண்டும். 'எந்த ஆண்டு, எங்கே காயம், எடுக்காமல் விட்ட துண்டு உண்டா' என்ற கேள்விகளுக்கான பதிலைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. பழைய காயத்தைப் பற்றிப் பேசப் பலருக்கு இன்னும் தயக்கம். இங்கே அந்தத் தயக்கம் ஆபத்து.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: அடுத்த கிளினிக்கில் 'முளை இருக்கா, கழுத்து எவ்வளவு, எந்தக் குழாயில்' என்று கேளுங்கோ. பிரஷர் குளிசையை விடாதேங்கோ. வீட்டில் புகைப்பவர் இருந்தால் வெளியே அனுப்புங்கோ. வாழ்க்கையில் இதுவரை வராத கடும் தலையிடி திடீரென இடித்தால் விடியும்வரை பொறுக்காமல் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கோ.